அச்சாரமும் பீப்பாய்க் கூலியும்

குளிர்காலம் முடியும் முன்பே ஸ்காட்லாந்தின் மீன் பதனிடும் முதலாளிகள் அடுத்த பருவத்துக்கு ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். லூயிஸ் தீவிலும் பக்கி, பீட்டர்ஹெட் போன்ற வடகிழக்குக் கரையூர்களிலும் அவர்களுடைய ஆட்கள் விசாரித்துக்கொண்டு வருவார்கள். மீன் ஆயத் தெரிந்த பெண்கள்தான் தேவை. பேச்சு முடிந்ததும் பெண்ணின் கையில் ஒரு தொகை வைக்கப்படும். அங்கே அதற்கு ‘ஆர்ல்ஸ்’ என்று பெயர், அச்சாரம். அதை வாங்கியவள் வரும் பருவம் முழுக்க அந்த முதலாளிக்குக் கட்டுப்பட்டவள். நடுவில் வேறொருவர் கூடுதல் கூலி தருவதாகச் சொன்னாலும் போக முடியாது.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஸ்காட்லாந்துத் துறைமுகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிளைட் நதியின் கப்பல் கட்டும் தளங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். ஹெர்ரிங் மீன் இறங்கிய துறைகளுக்கு வந்தால், கைகோத்து நடந்தபடியே கம்பளி பின்னும் இளம்பெண்களின் புகைப்படம் ஒன்று கட்டாயம் இருக்கும். அழகான படம்தான். ஆனால் அந்தப் பெண்கள் எந்த ஒப்பந்தத்தின் பேரில் அங்கே நிற்கிறார்கள் என்பதைப் படம் சொல்லாது. அந்த அச்சார முறை அவர்களைக் காத்ததா, கட்டிப்போட்டதா? இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. எது காத்தது, எது கட்டியது என்று பிரித்துப் பார்த்தால்தான் அந்தத் துறைகளின் வாழ்க்கை புரியும் என்பது என் எண்ணம்.

ஹெர்ரிங், சாளைக்கு உறவான மீன். பெருங்கூட்டமாக வரும், பருவத்துக்குப் பருவம் வேறு கடலில் அகப்படும். மே மாதம் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே, ஜூனில் ஷெட்லாந்தின் லெர்விக், ஜூலையிலும் ஆகஸ்டிலும் விக், ஃப்ரேசர்பரோ, பீட்டர்ஹெட். அக்டோபர் பிறந்தால் இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத்தும் லோஸ்டாஃப்டும். நீராவிப் படகுகள் மீனைத் தொடர்ந்து போயின. பெண்கள் படகுகளைத் தொடர்ந்து போனார்கள், தீவுகளுக்கு நீராவிக் கப்பலில், தெற்கே சிறப்பு ரயில்களில், ஆளுக்கொரு மரப்பெட்டியோடு. அந்த வாரங்களில் துறைமுகத்தில் இடமே இருக்காது. படகுகளுக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்கள், உப்புக் கப்பல்கள், பீப்பாய்க்கான மரப்பலகை ஏற்றிய கப்பல்கள், நிரம்பிய பீப்பாய்களை ஸ்டெட்டினுக்கும் டான்சிக்குக்கும் ஹாம்பர்க்குக்கும் கொண்டுபோகக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள். பருவம் கடந்தால் அதே துறையில் சில படகுகளும் கடற்பறவைகளும்தான்.

இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலுக்கு ஆட்களை எப்படி உறுதிசெய்வது? படகுக்காரர்களுக்குப் பங்கு முறை இருந்தது: மீன் பட்டால் பங்கு, படாவிட்டால் கடன். கரையில் வேலை செய்யும் பெண்களுக்கு அச்சார முறை. முன்பணம், பயணச் செலவு, தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் வாரத்துக்கு ஒரு சிறு தொகை, நிரப்பிய ஒவ்வொரு பீப்பாய்க்கும் கூலி; இந்தக் கூலியைப் பருவ முடிவில் கணக்குப் பார்த்துத் தருவார்கள். பீப்பாய்க் கூலி தனியாளுக்கு அல்ல, மூன்று பேர் கொண்ட குழுவுக்கு. இருவர் மீன் ஆய்வார்கள், ஒருவர் பீப்பாயில் அடுக்குவார். அடியில் கை எட்ட வேண்டும் என்பதால் உயரமானவளே அடுக்குபவள். வரும் பணத்தை மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள்.

வேலையின் நுட்பத்தைச் சொல்லாமல் கூலியைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. குட்டைக் கத்தியின் ஒரே இழுப்பில் செவுளும் குடலும் வெளியே வர வேண்டும். கை தேர்ந்தவள் நிமிடத்துக்கு 40 முதல் 60 மீன் வரை ஆய்வாள். அதே அசைவிலேயே மீனின் அளவையும், உள்ளே முட்டையோ விந்தோ நிறைந்திருக்கிறதா என்பதையும் கண்டுகொண்டு, பின்னால் இருக்கும் தொட்டிகளில் உரியதில் திரும்பிப் பாராமலே எறிவாள். பீப்பாயில் அடுக்கு அடுக்காக உப்பும் மீனும். சில நாளில் மீன் படிந்து இறங்கும். மறுபடி நிரப்பி மூட வேண்டும். கத்தியும் உப்பும் விரல்களைத் தின்னாமல் இருக்க, மாவுச்சாக்குத் துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றி நூலால் கட்டிக்கொள்வார்கள். அப்படியும் புண் வரும். உப்புநீர் பட்டு ஆறாமல் குழிந்துபோகும். துறைகளில் திருச்சபைகளின் பணியாளர்கள் மருந்திட்டுக் கட்டுப்போடும் இடங்களை நடத்தினார்கள் என்றால் புண் எவ்வளவு வழக்கமானது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த முறையின் வலிமை என்று நான் மதிப்பது அந்த மூவர் குழுவை. குழுவைப் பெண்களே சேர்த்துக்கொண்டார்கள். அக்காள் தங்கை, ஒன்றுவிட்ட சகோதரி, பக்கத்து வீட்டுக்காரி. கைவேகம் தெரிந்தவர்கள், ஒருவரை ஒருவர் நம்பியவர்கள். புதிதாக வரும் 15, 16 வயதுப் பெண்ணுக்கு வேலை கற்றுத் தந்ததும், கேலிக் மொழி தவிர வேறு பேசிப் பழகாத தீவுப் பெண்ணுக்கு வெளியூரில் துணையாக நின்றதும் குழுதான். முதலாளி தனித்தனியாக விலை பேசி ஒருத்திக்கு எதிராக இன்னொருத்தியை நிறுத்த முடியவில்லை. எழுதப்பட்ட சங்கவிதி எதுவும் இல்லாமலே சமப்பங்கு நடைமுறையில் இருந்தது. அதற்காக முதலாளிகளைப் பாராட்டுவதில் பொருளில்லை; பெண்களின் உறவுகளிலிருந்து வந்ததை அவர்கள் தங்கள் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பணமும் சிறிய விஷயம் இல்லை. 1919 புத்தாண்டு நாளில், போர் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த கடற்படை வீரர்களை ஏற்றிவந்த அயோலேர் என்ற கப்பல் ஸ்டோர்னோவே துறைமுக வாயிலில் பாறையில் மோதி மூழ்கியது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் 201 பேர் இறந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1923 ஏப்ரலில், மெட்டகாமா என்ற கப்பல் அதே துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 300 இளையோரைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்றது, பெரும்பாலோர் ஆண்கள். இப்படி ஆண்களை இழந்துகொண்டிருந்த தீவில், மகள் பருவ முடிவில் கொண்டுவரும் பணத்தில் வாடகை கட்டிய வீடுகளும் கடைக்கடன் தீர்த்த வீடுகளும் ஏராளம். பணம் அவளுடைய உழைப்பு என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வீட்டு வேலைக்காரியாக நகரத்தில் ஒடுங்கிக் கிடப்பதைவிட இந்த வாழ்க்கையைப் பலர் விரும்பியதில் வியப்பில்லை.

இனி குறை. முதலாளிகள் தரப்பின் வாதம், அச்சாரம் பெண்ணுக்கும் பாதுகாப்பு என்பது: பருவம் முழுக்க வேலை உறுதி, வெளியூரில் கைவிடப்பட மாட்டாள். மீன் பெருகிச் சந்தையும் திறந்திருந்த காலத்தில் இது ஏறக்குறைய உண்மை. 1907இல் ஸ்காட்லாந்து சுமார் 25 லட்சம் பீப்பாய் பதனிட்டது. போருக்குப் பிறகு அந்த அடித்தளமே போய்விட்டது. ரஷ்யச் சந்தை புரட்சியில் சிதறியது. ஜெர்மானியர்களின் பணம் மதிப்பிழந்தது. போர் முடிந்ததும் அரசு கொடுத்த விலை உத்தரவாதமும் 1921இல் இல்லாமல் போனது. அப்போது பீப்பாய்க் கூலி என்ற ஏற்பாட்டின் உண்மை முகம் தெரிந்தது. மீன் வரவில்லையா, பீப்பாய் இல்லை. பீப்பாய் இல்லையா, வாரப்படி தவிர எதுவும் இல்லை. பெண் வேறு வேலைக்கும் போக முடியாது, அச்சாரம் வாங்கியிருக்கிறாள். அவளுடைய நேரம் முழுவதும் முதலாளியுடையது; ஆனால் காத்திருந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. கடலின் நிச்சயமின்மையும் பெர்லின் வணிகரின் நிச்சயமின்மையும் சேர்ந்து கடைசியில் அவள் தலையில் இறங்கின. முன்பணம் வாங்கியது தவறு இல்லை. முன்பணத்தின் பேரில் வாங்கிய நேரத்துக்கு விலை வைக்காததுதான் இந்த முறையின் அடிப்படைக் குறை.

மீன் வந்தால் மறுகோடி. படகுகள் வந்து ஏலம் முடிந்ததும் ஆயத் தொடங்கி, கடைசி மீன் உப்பில் விழும்வரை நிறுத்த முடியாது. நள்ளிரவு தாண்டியும் விளக்கு வெளிச்சத்தில் நின்றார்கள். 1901ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு வேலைநேர வரம்பு வைத்தது. ஆனால் படகு வந்தவுடன் செய்தாக வேண்டிய மீன் பதனிடும் வேலைக்கு அதிலிருந்து விலக்கு அளித்தது. மீன் கெட்டுவிடும் என்பது காரணம். காரணம் மெய்யானது. கூடுதல் ஆள் வைத்து முறை மாற்றியிருந்தாலும் மீன் கெட்டிருக்காது என்பதும் மெய்தான். சட்டம் தராத ஓய்வை ஞாயிறு தந்தது. ஸ்காட்லாந்துப் படகுகள் ஓய்வுநாளில் கடலுக்குப் போகமாட்டா. சமயப்பற்று மிக்க அந்தக் கரையூர்களில், 1921இன் மோசமான பருவத்தில், விக் ஊரைச் சேர்ந்த பீப்பாய்த் தொழிலாளி ஜாக் ட்ரூப் யார்மவுத் தெருக்களில் நின்று பிரசங்கம் செய்ய, மீனவரும் மீன் ஆயும் பெண்களும் திரண்டார்கள். அந்த எழுச்சி வடக்கே தாய்த் துறைகள் வரை பரவியது. அதை வெறும் பக்தி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கடனில் மூழ்கிய படகும் காலிப் பீப்பாயும் கண்முன் இருந்த ஆண்டு அது.

இன்னொரு குறையைப் பலரும் கவனிப்பதில்லை. ஸ்காட்லாந்து மீன்வள வாரியத்தின் அதிகாரி சோதித்துச் சரி என்று கண்ட பீப்பாய்க்கு மகுட முத்திரை இடப்படும். அந்த முத்திரையை நம்பித்தான் ஸ்டெட்டின் வணிகர், ஒவ்வொரு பீப்பாயையும் திறந்து பார்க்காமலே சரக்கு வாங்கினார். முத்திரை எதற்குச் சான்று? மீன் தரம் பிரித்திருப்பதற்கும், சுத்தமாக ஆய்ந்திருப்பதற்கும், ஒழுங்காக அடுக்கியிருப்பதற்கும். மூன்றும் அந்தப் பெண்களின் கைவேலை. அரசே சான்றளித்த அந்தத் திறமைக்கு விலையில் கிடைத்த கூடுதல் முதலாளியைச் சேர்ந்தது. பெண்களுக்குக் கணக்கு பீப்பாயின் எண்ணிக்கை மட்டுமே. ஜான் கிரியர்சன் 1929இல் எடுத்த ‘டிரிஃப்டர்ஸ்’ என்ற புகழ்பெற்ற ஆவணப்படத்திலும் இதே ஏற்றத்தாழ்வு இருக்கிறது. கடலில் வலை இழுக்கும் ஆண்களோடும் இயந்திரங்களோடும் படம் நெடுநேரம் நிற்கிறது. ஆயும் பெண்கள் முடிவில் விரைவாகக் கடந்துபோகிறார்கள். உழைப்பின் பெருமையைத் திரைக்குக் கொண்டுவந்த படம் என்பதால்தான் இந்தக் குறை எனக்கு உறுத்துகிறது.

1936 பருவத்தில் கிரேட் யார்மவுத்தில் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பீப்பாய்க் கூலியை உயர்த்தக் கோரி. அச்சாரத்தின் வலிமையும் குறையும் அன்று ஒரே இடத்தில் தெரிந்தன. ஒப்பந்தம் அவர்களைப் பருவம் முழுக்கக் கட்டியிருந்தது. ஆனால் அதே ஒப்பந்தம் ஆயிரக்கணக்கான பெண்களை ஒரே ஊரில், மூன்று மூன்று பேராகப் பிரிக்கமுடியாத குழுக்களில், ஒரே கூலிக் கணக்கில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. ஒருத்தி கத்தியைக் கீழே வைத்தால் குழுவின் வேலை நின்றது. குழுக்கள் நின்றால் துறை முழுதும் நின்றது. மீன் காத்திருக்காது என்ற வாதம் அதுவரை முதலாளிகளுடையது. அன்று அது பெண்கள் பக்கம் வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1935இல், நாடாளுமன்றம் ஹெர்ரிங் தொழில் வாரியத்தை அமைத்திருந்தது. மிதமிஞ்சிய படகுகளைக் குறைப்பது, உரிமம் கொடுப்பது, வலைக்கும் படகுக்கும் கடன் தருவது, விற்பனையை ஒழுங்குபடுத்துவது என்று அதன் கவனம் போயிற்று. தேவையான வேலைகளே. ஆனால் தொழிலின் சுமையை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வியைக் கரையில் நிற்கும் பெண்ணிடமிருந்து தொடங்கியிருந்தால் முதலில் கண்ணில் பட்டிருப்பது காத்திருப்புக்குக் கூலி என்ற சிறிய மாற்றம். பீப்பாயை மறுபடி நிரப்பும் வேலைக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்கும் வழக்கம் முன்பே இருந்தது. அதைக் காத்திருக்கும் நாளுக்கும் நீட்டுவது புதுமை ஒன்றும் இல்லை. இதற்கிடையில், ஆயாமலே பனிக்கட்டியும் சிறிது உப்பும் தூவிப் பெட்டிகளில் ஜெர்மனிக்கு அனுப்பும் வணிகம் வேறு இருந்தது. அதில் இந்தப் பெண்களின் கத்திக்கு வேலையே இல்லை.

1939இல் போர் வந்தது. படகுகளைக் கடற்படை எடுத்துக்கொண்டது. பால்டிக் துறைமுகங்களுக்குப் பீப்பாய் ஏற்றிய கப்பல்கள் நின்றன. போருக்குப் பிறகும் ஆய்ந்தார்கள், உப்பிட்டார்கள், ஆனால் பழைய அளவுக்குச் சந்தை திரும்பவில்லை. சீர்திருத்தம் எதுவும் அச்சார முறைக்கு முடிவு கட்டவில்லை. வாங்குவதற்கு ஆளில்லாமல் போனதால் அது தேய்ந்தது.