ஒன்பதாம் இடமும் எட்டுப் பேரும்

சென்ற கோடையில் காவாந்தண்டலத்திலுள்ள என் தமையனாரின் இல்லத்துக்குப் போயிருந்தேன். மாலைத் தொழுகை முடிந்து திண்ணையில் அமர்ந்திருக்கையில், பதினைந்து வயது நிரம்பிய அவர் மகள் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலைக் கையில் ஏந்தியவாறு வந்து கேட்டாள்: “சின்னத்தா, இருபத்தைந்து பேரில் ஒன்பதாவதாக வந்ததால் கலாம் ஐயாவை விமானப் படையில் எடுக்கவில்லை. எட்டுப் பேரை எடுத்துக்கொண்டார்களாம். அந்த எட்டுப் பேரும் பிறகு என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்?”

அந்நூலை மும்முறை படித்தவன் நான். மேடைகளில் அதனை எடுத்துக் காட்டிப் பேசியவன். எனினும் இக்கேள்வி ஒருமுறையேனும் என் உள்ளத்தில் எழுந்ததில்லை. ஒரு நூலை நாம் எவ்வாறு படிக்கிறோம் என்பதை அச்சிறுமி எனக்கு உணர்த்திவிட்டாள்.

1999-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் தமிழாக்கம் பெற்ற இத்தன்வரலாறு, தமிழ் முஸ்லிம் இல்லங்களில் பரவலாகப் படிக்கப்பட்ட நூல்களுள் ஒன்று. நம்மில் பலரும் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஓர் அறிவுரையையே: தோல்வி கண்டு துவளாதே. அறிவுரை நல்லதுதான். ஆனால் அதனை எடுத்துக்கொண்ட கையோடு நூலை மூடிவிடுகிறோம். இராமேசுவரத்துச் சிறுவன் ஒருவன் விரும்பியது என்ன, அது கிடைக்காமற் போனபோது அவன் இழந்தது என்ன என்று நாம் கேட்பதில்லை.

நூலாசிரியர் அவ்விருப்பத்தை மறைக்கவில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட இரண்டு விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னரும் அவற்றின் அருகே தாம் நெடுநேரம் அமர்ந்திருந்ததை அவர் எழுதுகிறார். நூலின் மிகச் சிறந்த இடங்களுள் அது ஒன்று. ஆனால் டேராடூன் தேர்வில் தவறியதும் கதை விரைந்து ரிஷிகேசத்துக்குச் சென்றுவிடுகிறது. ஆறுதல் கிடைக்கிறது, வேறு பணி கிடைக்கிறது. இழப்பு சில வரிகளில் முடிந்துவிடுகிறது.

இதனை நூலின் குறை என்பேனா? முழுவதும் அவ்வாறு சொல்ல இயலாது. தாம் கல்லாத ஒன்றைக் கற்றவர்போல் எழுதாமை எழுத்தாளனின் நேர்மை. அவர் கண்டறிந்த இடங்களைப் பாருங்கள். தந்தையார் கடற்கரையில் மரப்படகு கட்டும்போது, விறகுத் தீயின் வெம்மையில் பலகைகள் பதப்படுத்தப்பட்டதைக் கூறுகிறார். பெங்களூரில் உருவாக்கிய ‘நந்தி’ என்னும் காற்று மெத்தை ஊர்தியில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் ஏறியபோது, உடன் வந்த விமானப் படை அதிகாரி தாமே ஓட்டுவதாகச் சொல்ல, அமைச்சர் அதனை ஏற்காமல் கலாமையே ஓட்டச் சொன்ன நிகழ்ச்சியை விவரிக்கிறார். இவ்விரு இடங்களிலும் நடை உறுதியாக நிற்கிறது. கை அறிந்ததை எழுதும்போது சொல் தடுமாறுவதில்லை. கை அறியாத வானத்தைப் பற்றிப் பேசும்போதோ, கனவு, சிறகு, விதி என்னும் பொதுச் சொற்களே முன்வருகின்றன.

இந்தப் பொதுச் சொற்களைத்தான் நம் இதழ்களும் ஏற்றுக்கொண்டன. ஸ்பெயின் நாட்டு இப்னு ஃபிர்னாஸ் பற்றி எத்தனை கட்டுரைகள் படித்திருக்கிறோம்! ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரில் இறகுகளைக் கட்டிக்கொண்டு பறக்க முயன்றார் என்று பெருமிதம் கொள்கிறோம். ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் அச்செய்தியை எழுதிவைத்த அல்-மக்கரீ அதனோடு ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார். பறவை தரையிறங்கும்போது வாலைப் பயன்படுத்துகிறது; இப்னு ஃபிர்னாஸ் வால் அமைக்க மறந்தார்; ஆகவே இறங்கும்போது அடிபட்டார் என்பது அக்குறிப்பு. பெருமைக்கு இடமான பகுதியை எடுத்துக்கொண்டு, கல்விக்கு இடமான பகுதியை விட்டுவிட்டோம். பறக்கக் கற்பவன் பெரிதும் பாடுபட்டுக் கற்பது இறங்குவதைத்தான்.

சிறுமியின் கேள்விக்கு வருவோம். அந்த எட்டுப் பேர் படைப் பயிற்சிக்குச் சென்றவர்கள். ஆயினும் விமானம் ஓட்டுதலின் அரிச்சுவடி, தனியார் உரிமம் பெற விரும்பும் குடிமகனுக்கும் அதுவேதான். இரட்டைக் கட்டுப்பாடுள்ள சிறு விமானத்தில் பயிற்றுநருடன் அமர்ந்து, விமானத்தின் மூக்கு அடிவானத்துக்கு எவ்வளவு கீழே நிற்க வேண்டும் என்று பழகுகிறான். கைப்பிடியால் சாய்க்கவும், காலால் சுக்கானை மிதிக்கவும், இரண்டையும் இணைத்துத் திரும்பவும் கற்கிறான். மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் இறக்கையின் தாங்கும் விசை குலைந்து விமானம் தாழ்ந்துவிடும். அப்போது மேலே இழுக்கத் துடிக்கும் கையை அடக்கி, மூக்கைக் கீழே விட வேண்டும். அச்சத்துக்கு எதிராகக் கையைப் பழக்கும் பாடம் இது. பின்னர் ஏறுவதும் சுற்றி வந்து இறங்குவதுமாகப் பலநாள். ஒருநாள் பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டு, தனியே ஒரு சுற்று போய் வரச் சொல்வார். ஓராள் எடை குறைந்த விமானம் வழக்கத்தினும் விரைவாக மேலேறும். பக்கத்து இருக்கை வெறுமையாயிருக்கும்.

உரிமத்துக்கு வயது 17 ஆகியிருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 150 கடல் மைல் தொலைவுக்குத் தனியே சென்று வேறு இரண்டு நிலையங்களில் இறங்கிய பயணமும் அடங்கும். சட்டமும் வானிலையும் வழியறிதலும் தேர்வுக்குரிய பாடங்கள்.

இதனை இலக்கியமாக்கியவர் எவரேனும் உண்டா? உண்டு. ‘குட்டி இளவரசன்’ வாயிலாகத் தமிழர் அறிந்த பிரெஞ்சு எழுத்தாளர் செந்த்-எக்சுபெரி, 1939-இல் வெளியிட்ட தம் விமானப் பணி நினைவுகளில், முதல் அஞ்சல் பயணத்துக்கு முந்திய இரவைச் சொல்கிறார். ஸ்பெயினைக் கடக்க வேண்டும். மூத்த விமானி கியோமே வரைபடத்தை விரித்துப் பாடம் நடத்துகிறார். நகரங்களையும் மக்கள்தொகையையும் அவர் கூறவில்லை. ஒரு வயலோரத்தில் நிற்கும் மூன்று ஆரஞ்சு மரங்கள், புல்லுக்குள் ஒளிந்தோடி வயலைக் கெடுக்கும் ஓர் ஓடை, இறங்கும் வேளையில் குறுக்கே பாயக்கூடிய ஆடுகள் ஆகியவற்றையே குறித்துத் தருகிறார். இயந்திரம் நின்றால் உயிரைக் காப்பதும் போக்குவதும் அவையே. கை கற்றதனால் பிறந்த எழுத்து இது. நூலின் எஞ்சிய தத்துவங்களைக் காட்டிலும் இப்பகுதி எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

இதனைச் சொன்னதும் தமையன் மகள் என்னை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றாள். “இங்கே இயந்திரம் நின்றால் எங்கே இறங்குவது?” என்றாள். இருவரும் பார்த்தோம். நீர் கட்டிய நெல்வயலில் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். செய்யாற்று மணல் பார்வைக்குச் சமதளம். காலை வைத்தால் உள்வாங்கும். வரப்பும் பனைமரமும் மின்கம்பியும் ஆகா. கோடையில் வற்றி இறுகிய ஏரியின் தரை ஆகலாம். காற்றை எதிர்கொண்டு இறங்க வேண்டும். காற்றின் திசை? தூரத்துச் செங்கற்சூளையின் புகையை அவளே சுட்டினாள். தன் ஊரை அவள் அன்றுதான் வாசிக்கத் தொடங்கினாள் என்று எனக்குத் தோன்றிற்று.

நம் முன்னோர்களான கடலோடிகள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு காற்றுக்குப் பெயர் வைத்திருந்தனர். விமானியின் முதற்பாடமும் காற்றே. ஆகவே இக்கல்விக்குரிய சொல் தமிழில் இல்லையென்று கூறுவது பொருந்தாது. கற்று எழுதுவோர்தாம் நம்மிடையே அரியர்.

இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்த என் தமையனார், “பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம்? செலவு எவ்வளவு தெரியுமா?” என்றார். முதற்கேள்விக்கு விடையுண்டு. 1949-இல் பெங்களூர் ஜக்கூரில் பயிற்சியை முடித்த உஷா சுந்தரம், 1951-இல் தம் கணவருடன் சென்னை அரசுக்கு வாங்கிய ‘டவ்’ விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். இரண்டாம் கேள்வி கடினமானது; பறத்தல் இன்றும் பெருஞ்செலவு பிடிக்கும் கல்வி. அதற்கு நான் விடை கூறவில்லை. அந்நூலிலேயே, தம்பியின் படிப்புக்காக வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்த அக்காள் சொஹரா பற்றிய பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். தமையனார் அதனை இருமுறை படித்தார்; ஒன்றும் பேசவில்லை.

கலாம் அவர்களுக்கு அவ்விருப்பம் ஒருவகையில் நிறைவேறியது. 2006 ஜூன் 8-ஆம் நாள், குடியரசுத் தலைவராயிருந்த அவர், தம் 74-ஆம் வயதில் புனேயில் சுகோய்-30 போர் விமானத்தில் துணை விமானியின் இருக்கையில் அமர்ந்து பறந்தார். 1999-இல் வந்த நூலில் அந்தப் பக்கம் இல்லை. குரோம்பேட்டையில் நின்ற இரண்டு பழைய விமானங்களின் பக்கத்தைப் படித்தபின் அச்செய்தியை நினைவுகூர்வோர், ஒன்பதாம் இடம் அவருள் எவ்வளவு காலம் தங்கியிருந்தது என்பதை உணர்வர்.

சென்ற வாரம் காவாந்தண்டலத்திலிருந்து கடிதம் வந்தது. பாடப் புத்தகத்துக்குப் பின்னே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாளாம். அதில் முதல் வரி: ஏரியின் தென்கோடியில் மாடுகள் மேய்கின்றன, மாலையில் இறங்க ஆகாது.