விடிஞ்சா வெள்ளி

சித்தப்பாவுக்கு விழுப்புரம். அப்பா போனபிறகு எங்கள் அத்தை பெண்ணுக்கு மிச்சமிருக்கும் ஒரே தாய்மாமன். மதுரையில் வெள்ளிக்கிழமை காலை ஏழரை ஒன்பது முகூர்த்தம். பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டியவர் அவர்தான். புடவை, மோதிரம், மொய்க்கவர் எல்லாவற்றையும் ரெக்ஸின் பையில் வைத்துக்கொண்டு வியாழன் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கே பைபாஸில் போய் நின்றுவிட்டார். சென்னையிலிருந்து வரும் ஆம்னி பஸ், விழுப்புரத்தில் 12.20. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் பையன்தான் இன்டர்நெட்டில் டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தான்.

12.20 ஆயிற்று, 12.40 ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. பக்கத்து டீக்கடைக்காரர் செல்போனை வாங்கிப் பார்த்தார்.

"ஐயா, இது நேத்து ராத்திரியே போயிருச்சு. வேற வண்டி பாருங்க."

அவர் சொன்னது சரி. டிக்கெட்டில் இருந்தது 14-ம் தேதி, 12.20 ஏ.எம். அந்த 14-தான் வியாழக்கிழமை. அதாவது புதன்கிழமை ராத்திரி நாம் சாப்பிட்டுப் படுத்தபிறகு வருகிற 12.20. 'வியாழன் ராத்திரி பஸ்' என்று சித்தப்பா சொன்னது கம்ப்யூட்டர் கணக்கில் வெள்ளிக்கிழமை. கை காட்டிய ஆம்னி பஸ் எதுவும் நிற்கவில்லை. இரண்டு மணிக்கு மேல் ஒரு அரசு பஸ்ஸில் நின்றுகொண்டே திருச்சி போய், அங்கே மாறி, மதுரை மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதே கால். பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு ஒன்றுவிட்ட மாமா பெண்ணை அழைத்து வந்திருந்தார்.

எல்லோரும் பையனைத் திட்டினார்கள். "படிச்ச பையன், தேதி பார்த்து டிக்கெட் எடுக்கத் தெரியல." பையனும் தலையைக் குனிந்துகொண்டான். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் பேசவேண்டும் போல் இருக்கிறது. தப்பு பையனுடையது அல்ல. அந்தத் திரையினுடையது.

டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்கர் 1988-ல் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பு பற்றி எழுதிய புத்தகத்தில் முக்கியமான ஒரு விஷயம் சொன்னார். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் முட்டிக்கொண்டால் நாம் நம்மையே நொந்துகொள்கிறோம். நொந்துகொள்ள வேண்டியவர் கதவை வடிவமைத்தவர். ஒரே இடத்தில் ஆள் மாற்றி ஆள் இடறினால் தரையைத்தான் பார்க்கவேண்டும். டீக்கடைக்காரர் செல்போனைப் பார்த்தவுடனே சொன்னாரே, அவர் எத்தனை தாய்மாமன்களைப் பார்த்திருப்பார்!

தேதி என்பது சாதாரண எண் என்று நினைப்பதுதான் வினை. நம் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. விடிகிறவரை முந்தைய நாள்தான். கம்ப்யூட்டருக்கோ நடுநிசி தாண்டினால் அடுத்த நாள். இரண்டுமே நியாயமான கணக்கு. மோதுவது நடுராத்திரிக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட ஐந்தாறு மணி நேரத்தில் மட்டும்தான். நம் ஆம்னி பஸ்கள் ஓடுவதும் அதே ஐந்தாறு மணி நேரத்தில்தான்.

12 ஏ.எம். என்பதே ஒரு தனி அபத்தம். ராத்திரி பன்னிரண்டா, பகல் பன்னிரண்டா? அமெரிக்க அரசின் அளவைத் தர நிறுவனமான நிஸ்ட், 12 ஏ.எம்., 12 பி.எம். இரண்டும் குழப்பம் தருபவை, தவிர்க்கவும் என்கிறது. நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. நள்ளிரவு, அதிகாலை, நண்பகல், பிற்பகல், அந்தி மாலை என்று பொழுதுக்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வார்த்தைகள் ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. யூனிகோடு அமைப்பு உலக மொழிகளின் தேதி, நேர வழக்கங்களைத் தொகுத்து வைத்திருக்கும் சி.எல்.டி.ஆர். என்ற தகவல் களஞ்சியத்தில் தமிழுக்கு நள்ளிரவும் உண்டு, அதிகாலையும் உண்டு. எடுத்துப் போடத்தான் ஆளில்லை.

இனி, திரையில் தேதி கேட்கிற விதங்களைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலாவது, கட்டம் போட்ட காலண்டர். இதை நான் குறை சொல்லமாட்டேன், அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால். அடுத்த மாதம் ஊருக்குப் போக, 'சனி, ஞாயிறு எப்போ வருது?' என்று பார்த்து முடிவு செய்ய அதைவிட நல்ல சாதனம் இல்லை. பிப்ரவரி 30 என்று தப்பாகக் கொடுக்கவும் முடியாது. ஆனால், பிறந்த தேதி கேட்கிற இடத்திலும் அதையே வைக்கிறார்களே! எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் இந்த மாதத்திலிருந்து பின்னோக்கி அம்புக்குறியைத் தட்டவேண்டும். 78-ஐ 12-ஆல் பெருக்கினால் 936 தட்டல். மேலே எழுதியிருக்கும் வருஷத்தைத் தொட்டால் வருஷப் பட்டியல் திறக்கும் என்பது பல காலண்டர்களில் வீட்டுக்குள் ஒளித்துவைத்த சாவி மாதிரி. வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். பிறந்த தேதி யாரும் யோசித்து முடிவு செய்கிற விஷயம் இல்லை, மனப்பாடமாகத் தெரிந்தது. தெரிந்ததை எழுத மூன்று காலிக் கட்டம் போதும்: நாள், மாதம், வருஷம். பிரிட்டிஷ் அரசு தன் இணைய சேவைகளுக்கு வகுத்திருக்கும் வடிவமைப்பு முறையில் அப்படித்தான் செய்கிறார்கள். பார்க்க அழகாக இருக்காது. பாட்டிகூட முடித்துவிடுவாள்.

பெரியவர்களில் பலருக்குப் பிறந்த தேதியே தெரியாது. 'ஆனி மாசம், பெரிய மழை பெஞ்ச வருஷம்' என்பார்கள். சில ஆதார் அட்டைகளில் பிறந்த வருஷம் மட்டும்தான் இருக்கும். திரை அதை ஒப்புக்கொள்ளாது. நாளும் மாதமும் போட்டால்தான் அடுத்த பக்கம். வேறு வழியில்லாமல் ஜனவரி 1 என்று ஒரு பொய்யைப் போடுகிறோம். பின்னொரு நாளில் இன்னொரு ஆபீஸில் இன்னொரு பொய்யோடு அது ஒத்துப்போகவில்லை என்று மனு திரும்பி வருகிறது. 'சரியாகத் தெரியாது' என்று ஒரு கட்டம் வைத்தால் என்ன குறைந்துபோகும்?

இரண்டாவது, 03/04. நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவுக்கு மார்ச் 4. பன்னிரண்டுக்கு மேற்பட்ட தேதியானால் தப்பு உடனே தெரிந்துவிடும். நாளும் மாதமும் ஒரே எண்ணானாலும் பிரச்னை இல்லை. மற்றபடி பன்னிரண்டு மாதத்திலும் மாதத்துக்குப் பதினொரு நாள், ஆக வருஷத்தில் 132 நாள் இரண்டு விதமாகப் படிக்கலாம். அமெரிக்காவில் இருக்கும் மகன் இங்கே இருக்கும் அம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் மனு நிரப்புகிற வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. ஐ.எஸ்.ஓ. 8601 என்று 1988-லேயே உலகத்துக்குப் பொதுவாக ஒரு தீர்வு சொல்லிவிட்டார்கள்: வருஷம், மாதம், நாள். இயந்திரங்களுக்குள் அது சரி. மனிதனுக்குக் காட்டும்போது மாதத்தை எழுத்தில் எழுதினால் தீர்ந்தது வழக்கு. 'ஏப்ரல் 3' என்பதை அமெரிக்கரும் தப்பாகப் படிக்க முடியாது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத திருட்டு. நீங்கள் 15 ஆகஸ்ட் 1947 என்று பிறந்த தேதி கொடுக்கிறீர்கள். புரோகிராம் அதை அன்று நள்ளிரவு மணி பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, பொது நேரத்துக்கு மாற்றிப் பத்திரப்படுத்துகிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பவர்கள். ஆகவே அது 14-ம் தேதி மாலை ஆறரை ஆகிவிடுகிறது. பிறகு, நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொண்டால், சுதந்திரத்துக்கு முந்தின நாளே பிறந்தவராகிவிடுவீர்கள். இணையப் பக்கங்களின் மொழியான ஜாவாஸ்கிரிப்டை 1995-ல் பத்தே நாளில் எழுதினார்கள். தேதிக் கணக்கை ஜாவாவிலிருந்து அப்படியே எடுத்தார்கள். பிறந்தநாள் போல, நேரமே இல்லாத தேதி என்று ஒன்று உண்டு என்பதற்கு அதில் இடமே இல்லை. 'டெம்பொரல்' என்ற புதிய ஏற்பாட்டில் அந்த இடம் வந்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2025-ல்தான் வந்தது. ஒரு பிறந்தநாளைப் பிறந்தநாளாக வைத்துக்கொள்ள முப்பது வருஷம்!

வடிவமைப்பவர்கள் முட்டாள்கள் என்று சொல்லவரவில்லை. ஆப்பிள் கம்பெனியே இதில் தடுமாறியிருக்கிறது. ஐபோனில் நேரம் வைக்க எண்கள் உருளும் சக்கரம் இருந்தது. 2020-ல் ஐ.ஓ.எஸ். 14 வந்தபோது அலாரத்தில் அதை எடுத்துவிட்டு, எண்களைத் தட்டச் சொன்னார்கள். அடுத்த வருஷமே சக்கரம் திரும்பி வந்துவிட்டது. கை பழகியதை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. என் குற்றச்சாட்டு வேறு. தேதியைப் பத்திரப்படுத்தும் வசதிக்காகத் திரையை வரைகிறார்கள், தேதியைச் சொல்கிறவன் வசதிக்காக அல்ல. தெரிந்த தேதியை எழுத விடவேண்டும். தேடுகிற தேதிக்குக் காலண்டர் காட்டவேண்டும். எதுவானாலும் கடைசியில் திருப்பிச் சொல்லவேண்டும். மூன்றாவதைத்தான் பெரும்பாலும் செய்வதில்லை.

ரயில்வே ரிசர்வேஷன் கவுன்ட்டரில் வரிசையில் நின்றவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாம் நீட்டிய ஃபாரத்தைப் பார்த்துவிட்டு குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பார்: "பதினாலு, வியாழக்கிழமையா?" அந்த ஒரு கேள்வியில் எத்தனை பயணங்கள் பிழைத்தன! கிழமை என்பது வெறும் அலங்காரம் இல்லை. தேதியைச் சரிபார்க்கும் இன்னொரு சாட்சி. எண்ணில் தப்பு வந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். நம் கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள். தமிழ் மாதம், தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, நட்சத்திரம், திதி, 'காலை மணி 7.30க்கு மேல் 9.00க்குள்'. அரை டஜன் சாட்சிகள். அச்சகத்துக்காரர் ஒன்றைத் தப்பாகக் கோத்தாலும் மற்றது பிடித்துக்கொடுக்கும். எந்த டிசைன் காலேஜிலும் படிக்காதவர்கள் செய்த ஏற்பாடு இது.

அந்த டிக்கெட் தளம், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே ஒரே ஒரு வரி போட்டிருந்தால் போதும்: 'புதன் இரவு, வியாழன் அதிகாலை 12.20. சரியா?' பையன் அந்த இடத்திலேயே, "ஐயோ, இல்ல" என்றிருப்பான். அந்த ஒரு வரி எழுத எவ்வளவு செலவாகும் என்று அவனிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அரை நாள் வேலை, அண்ணா" என்றான். அவனும் இதே வேலைதான் செய்கிறான் என்பதால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

போன மாதம் சித்தப்பாவுக்கு மறுபடி ஒரு ராத்திரிப் பயணம். பையன் புக் செய்யும்போது போனில் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "வியாழக்கிழமை ராத்திரிடா. விடிஞ்சா வெள்ளி!"

'விடிஞ்சா வெள்ளி.' இரண்டே வார்த்தை. இதைவிடத் தெளிவாக இந்த நேரத்தைச் சொல்லும் பொத்தானை எந்தத் திரையிலும் நான் இன்னும் பார்க்கவில்லை.