வீழ்வதும் ஒரு கலை

1976-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள். டோக்கியோ மாநகரின் நிப்பான் புடோக்கான் அரங்கில், உலகக் குத்துச்சண்டை வாகையர் முஹம்மது அலீயும் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோக்கியும் எதிரெதிரே நின்றனர். நடந்ததென்ன? பதினைந்து சுற்றுகளில் பெரும்பகுதியை இனோக்கி தரையில் மல்லாந்து கிடந்தபடியே கழித்தார். அலீயின் கால்களை ஓயாது உதைத்துக்கொண்டிருந்தார். அலீ வீசிய குத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முடிவு, சமநிலை. சலிப்புற்ற மக்கள் கையிற் கிடைத்ததையெல்லாம் மேடையை நோக்கி எறிந்தனர். அலீயோ, காலில் இரத்தம் உறைந்து மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது.

அதற்கு ஆறு மாதம் முன்பு, 1975 டிசம்பர் 11 அன்று, அதே இனோக்கி டோக்கியோவின் குராமே கொக்குகிகான் அரங்கில் பில்லி ராபின்ஸன் என்னும் ஆங்கிலேய மல்லரோடு பொருதினார். இரண்டு முறை வீழ்த்துபவருக்கு வெற்றி. கால எல்லை அறுபது நிமிடம். முதல் வீழ்த்தலை ராபின்ஸன் பெற்றார். நேரம் முடியும் தறுவாயில், தம் கைகால்களைக் கொடிபோல் எதிரியின் உடலிற் பின்னி ஒரு பிடி போட்டு இனோக்கி ஈடு செய்தார். அதுவும் சமநிலையில்தான் முடிந்தது. ஆனால், அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் ரசிகர்கள் அதனை எடுத்துப் பார்த்து இன்புறுகின்றனர்.

மல்லர் ஒருவரே, முடிவும் ஒன்றே. வேறுபாடு ஒன்றுதான். அலீயோடு நடந்தது, முடிவு இன்னதென்று எவரும் எழுதி வைக்காத மெய்யான மோதல். ராபின்ஸனோடு நடந்தது, தொழில்முறை மற்போரின் மரபுப்படி இருவரும் இசைந்து ஆடிய ஆட்டம். மெய் சலிப்பூட்டியது, இசைந்து ஆடியது நெஞ்சை அள்ளியது! இந்த விந்தையிலிருந்துதான் மற்போரைப் பற்றிய விமர்சனம் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

"பொய்ச்சண்டைக்கு விமர்சனம் வேறா?" என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. நானும் நெடுங்காலமாக ஒரு விடையைக் கையில் வைத்திருந்தேன். நாடகத்தில் மாளும் அரசன் திரை விழுந்ததும் எழுந்து தேநீர் அருந்துகிறான்; அதற்காக நாடகத்தைப் பொய்யென்று ஒதுக்குகிறோமா? என்று திருப்பிக் கேட்பேன். அந்த விடை போதாது என்பதை எனக்கு உணர்த்தியவர் என் உம்மா. ஒருநாள் நான் ஒரு போட்டியின் ஒளிப்பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அருகில் வந்து நின்றார்கள்.

"ஏன் வாப்பா, விழுற அந்தப் புள்ளைக்கு வலிக்காதா?"

"எல்லாம் நடிப்பும்மா."

"அப்ப, தரையும் நடிக்குதா?"

என்னால் மறுமொழி கூற இயலவில்லை. மேடைநாடகத்தின் வாள் அட்டையாலானது. மற்போர் மேடையோ இரும்புச் சட்டங்களின்மேல் பலகை பரப்பி, மெல்லிய மெத்தையும் துணியும் போர்த்தியது. யார் வெல்வார் என்பது பேசி வைத்தது. ஆனால், விழும் உடம்பின் எடையை எவரும் பேசிக் குறைக்க முடியாது.

விழுங்கலையின் இலக்கணம்

ஆகவேதான் ஜப்பானிய மல்லன் முதலிற் கற்பது வீழ்த்துவதை அன்று, வீழ்வதை. அதற்கு 'உக்கெமி' என்று பெயர். ஜூடோவிலும் இதுவே முதற்பாடம். மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, இரு கைகளாலும் தரையை அறைந்து, அடியின் வேகத்தை மேல்முதுகு முழுவதும் பரவச் செய்ய வேண்டும். தலை தரையைத் தொடலாகாது. வீசி எறிபவனுக்கும் இதிற் கடமை உண்டு. எதிரி நன்கு விழுவதற்குரிய இடமும் நொடியும் அளித்தே அவன் எறிய வேண்டும். பகைவர்போல் தோன்றும் இருவர், உள்ளே ஒருவர் உயிருக்கு ஒருவர் பிணை நிற்கின்றனர். இந்த நம்பிக்கையே மற்போரின் மறைந்து நிற்கும் அழகு.

ஜப்பானில் இக்கலையை மக்கட்கலையாக்கியவர் ரிக்கிடோஸான். 1963-இல் அவர் கத்திக்குத்துக்கு ஆளாகி மறைந்தார். அவருடைய மாணாக்கர் இருவர் 1972-இல் தனித்தனிக் கழகம் கண்டனர். ஒருவர் இனோக்கி, மற்றவர் ஜயன்ட் பாபா. பாபாவின் அகில ஜப்பான் கழகமே என் உள்ளங்கவர்ந்தது. எண்பதுகளின் இறுதியில் பாபா ஒரு சீர்திருத்தம் செய்தார். மேடைக்கு வெளியே ஓடிப்போதல், விதிமீறல் என்று சாக்குச் சொல்லி முடிவின்றிக் கலையும் போட்டிகளைக் கைவிட்டு, ஒவ்வொன்றும் தெளிவான வெற்றி தோல்வியில் முடியச் செய்தார். மக்களிடம் காட்டிய நேர்மை அது. ஆனால், அந்த நேர்மைக்குள்ளேயே ஓர் இடரும் விதையாகக் கிடந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஒரு காவியப் போட்டி

1994 ஜூன் 3 அன்று புடோக்கானில் நடந்த மிட்சுஹாரு மிசாவா, டோஷியாக்கி கவாடா போட்டியை நான் கண்டவற்றுள் தலையாயது என்பேன். இருவரும் ஒரே பள்ளியில் மற்போர் பயின்றவர்கள். மிசாவா ஓராண்டு மூத்தவர். புலிமுகமூடி அணிந்து ஆடிவந்த மிசாவா, 1990 மே மாதம் ஆட்டத்தின் நடுவிலேயே அதனைக் கழற்றி எறிந்தபோது, முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தவர் அவர்தம் கூட்டாளியாய் நின்ற கவாடாவே. அந்தக் கைதான் பின்னர் மிசாவாவின் முகத்தில் அறைந்தது. 1992-லும் 1993-லும் வாகைப் பட்டத்துக்காக மோதி இருமுறையும் கவாடா தோற்றார். இது மூன்றாவது முறை.

முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் நீண்ட அப்போட்டியில் விரயமான ஓர் அசைவைக் காண்பது அரிது. மிசாவாவின் முழங்கை அடி, கவாடாவின் உதை, இவ்விரண்டுமே அடிப்படை. எனினும் ஒவ்வோர் அடியும் முந்தைய அடிக்கு விடையாக வருகிறது. கவாடா அடிபட்டவுடன் வீழ்வதில்லை, நிற்கவே முயல்கிறார். சற்றுப் பொறுத்து முழங்கால்கள் மட்டும் அவருக்குத் துரோகம் செய்கின்றன. தன்மானம் நிற்கச் சொல்ல, உடம்பு மறுக்கும் அந்த ஒரு கணத்தில் ஒரு மனிதனின் வரலாறே விளங்குகிறது. மிசாவாவின் முகமோ சலனமற்றது. அந்த அமைதி அசையும்போதுதான், நிலைமை எல்லை மீறிவிட்டது என்று நாம் அறிகிறோம். மக்கள் கால்களால் தரையை மிதித்து எழுப்பும் முழக்கம் அரங்கை அதிரச் செய்கிறது.

இறுதியில் மிசாவா 'டைகர் டிரைவர் 91' என்னும் வீச்சைக் கையாண்டு வென்றார். எதிரியின் இரு கைகளையும் பின்புறமாகப் பூட்டித் தலைகீழாக இறக்கும் வீச்சு அது. அதனை அவர் மிக அரிதாகவே பயன்படுத்துவார். அந்த அருமையே அதற்குப் பொருள் தந்தது. பழைய தோழனை வெல்ல வேறு வழியே இல்லாத நிலைக்கு மிசாவா தள்ளப்பட்டார் என்பதை ஒரு சொல்லுமின்றி அது உரைத்தது.

விமர்சகன் என்ற முறையில் இங்கு நான் தலைவணங்குகிறேன். மனிதன் என்ற முறையில் ஒன்று கேட்க வேண்டியவனாகிறேன். உக்கெமிக்குக் கைகள் வேண்டும் என்றோம். இரு கைகளையும் பூட்டிவிட்டால், விழுபவன் எதனைக் கொண்டு தரையைத் தாங்குவான்?

ஏணியின் உச்சி

பாபாவின் சீர்திருத்தத்தில் கிடந்த இடர் இதுதான். ஒவ்வொரு போட்டியும் தெளிவாக முடிய வேண்டுமாயின், முடிப்பதற்குரிய வீச்சு வலியதாக இருக்க வேண்டும். நேற்று முடித்த வீச்சிலிருந்து இன்று ஒருவன் நடுவர் மூன்று எண்ணுமுன் தோளைத் தூக்கிவிட்டால், மக்கள் ஆர்ப்பரிக்கின்றனர். ஆனால், நாளை அதனினும் வலியது வேண்டும். இந்த ஏணிக்குப் படிகள் உண்டு, கூரைதான் இல்லை.

1999 ஜனவரியில் பாபா மறைந்தார். மறு ஆண்டு மிசாவா பெரும்பாலான மல்லரோடு வெளியேறி 'நோவா' என்னும் கழகத்தைத் தொடங்கினார். 2003 மார்ச் 1 அன்று அதே புடோக்கானில் மிசாவாவும் கென்டா கோபாஷியும் மோதினர். மேடையை நோக்கிவரும் உயர்ந்த நடைபாதையின்மேல் நின்று, கோபாஷியின் கைகளைப் பின்னே பூட்டி, மிசாவா அவரை வெறுந்தரைக்குப் பின்புறமாகத் தூக்கி எறிந்தார். கோபாஷி எழுந்து வந்தார், போட்டியையும் வென்றார். உம்மா அன்று என் அருகில் நின்று பார்த்தது இந்தக் காட்சியைத்தான். அவர்கள் கேள்வி கேட்டுச் சென்ற பின், நான் என்ன செய்தேன் தெரியுமா? அதே காட்சியைத் திரும்ப ஓடவிட்டு மீண்டும் பார்த்தேன்.

2009 ஜூன் 13. ஹிரோஷிமாவில் இருவர்க்கிருவர் போட்டி. மிசாவாவைப் பின்னிருந்து தூக்கி முதுகுப்புறமாக வீசினார் எதிரணி மல்லர். எத்தனையோ ஆண்டுகளாக, எத்தனையோ முறை மிசாவா ஏற்றுப் பழகிய மிகச் சாதாரணமான வீச்சு அது. அவர் எழவில்லை. கழுத்தெலும்பின் உள்ளே தண்டுவடம் சிதைந்து அன்றிரவே உயிர் நீத்தார். நாற்பத்தேழாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்து நாட்களே இருந்தன. எதிரணி மல்லர்மீது பழி சுமத்திய ரசிகரும் உண்டு. அந்தப் பழி அநீதியானது. ஒரு வீச்சு கொன்றதன்று. இருபத்தேழு ஆண்டு வீழ்ச்சிகளின் கூட்டுத்தொகை கொன்றது. அக்கணக்கில் என் கைதட்டலும் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கிறது.

முள்வேலியும் வெடியும்

பெருங்கழகங்களைச் சாராத சுயேச்சைக் குழுக்களின் கதை வேறு வகையானது. பாபாவின் மாணாக்கரான அட்சுஷி ஓனிட்டா, முழங்கால் நொறுங்கி ஓய்வு பெற்றவர். 1989-இல் அவர் எஃப்.எம்.டபிள்யூ. என்னும் குழுவைத் தொடங்கினார். 1990 ஆகஸ்டு 4 அன்று டோக்கியோவின் ஷியோடோமே திடலில், கயிற்றுக்குப் பதில் வெடி கட்டிய முள்வேலி சூழ, டார்ஸான் கோட்டோவுடன் மோதினார். நுணுக்கத்தால் வெல்ல இயலாத உடம்பு, தீயையும் குருதியையும் கண்ணீரையும் கொண்டு மக்களைக் கவர்ந்தது. அதனைக் கலையன்று என்று ஒரேயடியாகத் தள்ளிவிட நான் துணியேன். ஏழ்மையிலிருந்து பிறந்த கூத்து அது. தன்னைக் கூத்தென்று ஒளிக்காமல் அறிவித்த கூத்து. ஆயினும் வெடிச்சத்தம் ஓய்ந்தபின் நெஞ்சில் நிற்பது அதிர்ச்சியேயன்றிக் கதையன்று.

அக்குழுவில் ஓனிட்டாவுக்குப் பின் ஒளிவிட்டவர் ஹயபூசா. பறவைபோல் பறந்து ஆடுபவர். 2001 அக்டோபர் 22 அன்று கொராக்குவென் ஹாலில், அவர் வழக்கமாகச் செய்யும் பின்புறக் குட்டிக்கரணத்துக்காகக் கயிற்றில் ஏறினார். கால் வழுக்கித் தலைகுப்புற விழுந்தார். கழுத்து முறிந்து உடல் செயலிழந்தது. பல்லாண்டு முயன்று ஊன்றுகோலோடு சில அடிகள் நடக்கும் நிலைக்கு மீண்டவர், 2016-இல் நாற்பத்தேழாம் வயதில் காலமானார். வெடிகளுக்கு நடுவே தப்பியவரை வீழ்த்தியது, நாள்தோறும் செய்த ஒரு சாதாரண வித்தை! மிசாவாவுக்கும் அப்படியே. களைத்த உடம்புக்குச் சிறிய தவறே போதும்.

நட்சத்திரம் எண்ணுவோர்

இங்கு விமர்சகர்களையும் விமர்சிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கரான டேவ் மெல்ட்ஸர் நெடுங்காலமாகப் போட்டிகளுக்கு நட்சத்திரம் வழங்கி வருபவர். அவர் அளவுகோலை உலகெங்கும் ரசிகர் பின்பற்றுகின்றனர். ஐந்து என்பதே உச்சம் என்று பலரும் கருதியிருந்தனர். 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் கஸுச்சிகா ஒக்காடாவும் கென்னி ஒமேகாவும் ஆடிய போட்டிக்கு ஆறு அளித்தார். 2018 ஜூனில் அவ்விருவரும் ஒசாகாவில் மோதியதற்கு ஏழு. அப்போட்டிகள் சிறந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், விமர்சகனின் ஏணிக்கும் கூரை இல்லாது போனால், மல்லனை மேலும் ஏறாதே என்று தடுப்பவர் யார்?

2017 ஏப்ரல் 9 அன்று ரியோகோக்கு கொக்குகிகானில் ஒக்காடாவை எதிர்த்தார் கட்சுயோரி ஷிபாட்டா. தன் நெற்றியை எதிரியின் நெற்றியில் காப்பின்றி மோதினார். அவர் நெற்றியில் குருதி வழிந்தபோது அரங்கமே சிலிர்த்தது. போட்டி முடிந்தபின் அவர் சாய்ந்தார். மூளையருகே இரத்தம் உறைந்திருந்ததால் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. மிசாவா மறைந்து எட்டு ஆண்டுகள் கடந்தும் நாம் எதனைக் கற்றோம்?

ஒரு போட்டியை மதிப்பிடும்போது நான் இப்பொழுது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வோர் அடிக்கும் காரணம் இருந்ததா? அடிபட்டவன் அதனை இறுதிவரை நினைவில் வைத்திருந்தானா? அடித்தவன் அவனைக் காத்தானா? முதலிரண்டும் நாடகத்தின் இலக்கணம். மூன்றாவது மற்போருக்கே உரியது. மூன்றாவதில் தவறிய போட்டிக்கு முதலிரண்டின் சிறப்பைக் கொண்டு முழு மதிப்பெண் போட நான் இனி ஒப்பேன். 1994-இன் காவியத்துக்கும் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கிறது. மனம் நோகத்தான் செய்கிறது, குறைக்கிறேன்.

அண்மையில் இனோக்கி, ராபின்ஸன் போட்டியை மீண்டும் பார்த்தேன். ஒருவர் கையைப் பிடிக்கிறார். மற்றவர் மெல்ல விடுவித்துக்கொண்டு காலைப் பிடிக்கிறார். பிடியும் விடுபடலுமே அதன் உயிர். அவசரமில்லை, ஆயினும் கண்ணெடுக்க முடியவில்லை. உம்மா பக்கத்தில் வந்து அமர்ந்தார்கள். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "இந்த ரெண்டு பேரும் வேலை தெரிஞ்ச ஆளுங்க" என்று மட்டும் சொன்னார்கள்.