'செரினிட்டி': தோற்றவர்களின் கப்பல்

கடைசி மேசை எழும்பி, அடுப்பும் நிலமும் துடைத்து, அறைக்கு வந்துசேர இரவு இரண்டு மணியாகிவிடும். உடனே நித்திரை வராது. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவர்களும் பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவர்களுமாக நாங்கள் நாலு பேர். அந்த நேரத்தில் பழைய படங்களைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஜோஸ் வீடன் எழுதி இயக்கிய 'செரினிட்டி' (2005) எங்களிடம் வந்தது அப்படித்தான். ஒருமுறை பார்த்தோம். பிறகு அதற்கு மூலமான 'பயர்பிளை' தொலைக்காட்சித் தொடரைத் தேடிப் பார்த்தோம். பிறகு மறுபடியும் படத்தைப் பார்த்து, விடியும்வரை சண்டை பிடித்தோம். இக்குறிப்பு அந்தச் சண்டையிலிருந்து வருவது.

'பயர்பிளை' 2002 செப்ரெம்பரில் அமெரிக்காவின் பொக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. அத்தியாயங்களை ஒழுங்கு மாற்றிக் காட்டினார்கள். கதையைத் தொடக்கிவைக்கும் முதல் அத்தியாயமே கடைசியாகத்தான் காட்டப்பட்டது. எடுத்தவை 14, ஒளிபரப்பானவை 11. டிசம்பருடன் எல்லாம் முடிந்தது. 2003இல் டிவிடி வெளிவந்து நன்றாக விற்றது, ரசிகர்களும் விடவில்லை. ஏறக்குறைய 40 மில்லியன் டொலர் செலவில் யுனிவேர்சல் நிறுவனம் அதைத் திரைப்படமாக்கியது. உலகம் முழுவதும் அது திரட்டிய தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. இன்னொரு படம் வரவில்லை. நாலாவது இதழோடு நின்றுபோன சஞ்சிகைகளைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களுக்கு இந்த ரசிகர்களின் மனநிலையை விளக்கத் தேவையில்லை.

கதை இதுதான். எல்லாக் கிரகங்களையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவரும் 'கூட்டணி'க்கு எதிராக, மண்ணிறக் கோட்டணிந்த சுயேச்சையாளர்கள் போராடித் தோற்கிறார்கள். அவர்களில் ஒருவனான மல்கம் ரெனோல்ட்ஸ், தான் தோற்ற பள்ளத்தாக்கின் பெயரையே தன் பழைய சரக்குக் கப்பலுக்குச் சூட்டுகிறான்: செரினிட்டி. அமைதி என்று பொருள். தோல்வியின் பெயரைத் தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டு, சில்லறைக் கடத்தலும் கூலிவேலையுமாகப் பிழைக்கிற ஒருவனை நாங்கள் உடனே அடையாளம் கண்டுகொண்டோம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் இந்த உடனடி அடையாளம்தான் ஆபத்தானதும்கூட.

தொடரில் எங்களைப் பிடித்து வைத்தது கப்பலின் சமையலறை. நீண்ட மரமேசை, ஆளுக்கொரு விதமான கதிரை. சைமனின் பிறந்தநாளுக்குப் புரதக்கட்டியில் கேக் செய்கிறார்கள். ஒரு பெட்டி ஸ்ரோபெரிப் பழம் கிடைத்தால் கெய்லி அதைத் தின்னும் விதம்! வேலை, எரிபொருள், சம்பளம், சாப்பாடு என்றே அத்தியாயங்கள் நகர்கின்றன. படத்தில் இதற்கு நேரமில்லை. இரண்டு மணிநேரத்துக்குள் ஒரு 'பெரிய உண்மை' வெளிவந்தாக வேண்டும்.

அந்த உண்மையின் பெயர் மிராண்டா. மக்களைச் சாந்தப்படுத்தவென அக்கிரகத்தின் காற்றில் கூட்டணி ஒரு மருந்தைக் கலக்கிறது. 30 மில்லியன் மக்கள் வேலையை, பேச்சை, சாப்பாட்டை விட்டுப் படுத்தபடியே இறந்துபோகிறார்கள். மிகச் சிறு தொகையினர் மட்டும் எதிர்மாறாக வெறிகொண்டு, மனிதரைத் தின்னும் 'ரீவர்'களாகின்றனர். அதிகாரம் தானே உருவாக்கிய அரக்கர்களைக் காட்டி அதிகாரம் தன்னை நியாயப்படுத்துகிறது என்பது கூர்மையான சிந்தனை. எனினும் அந்த ரீவர்களுக்கு வீடன் ஒரு சொல்லையும் கொடுக்கவில்லை. அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள் என்று தெரிந்த பிறகும், சுட்டுத்தள்ளவேண்டிய கூட்டமாகவே இறுதிவரை இருக்கிறார்கள்.

எங்கள் சண்டை வேறொரு காட்சியில் தொடங்கியது. மல்லுக்கு அடைக்கலம் கொடுத்த குற்றத்துக்காக ஹேவன் என்ற குடியேற்றம் அழிக்கப்படுகிறது. ரீவர்களின் பிரதேசத்தைக் கடந்து மிராண்டாவுக்குப் போகவேண்டும். ரீவர் கப்பலைப்போல வேடமிடுவதற்காக, இறந்த நண்பர்களின் உடல்களைக் கப்பலின் முகப்பில் கட்டும்படி மல் கட்டளையிடுகிறான். தடுப்பவரைச் சுடுவேன் என்கிறான். உடல்கள் கட்டப்படுகின்றன. கப்பல் கடந்து போகிறது. உண்மை உலகெங்கும் ஒளிபரப்பாகிறது.

'அவன் வேறென்ன செய்திருக்க முடியும்?' என்றார் எங்களில் ஒருவர். வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இறந்தவர்களை முன்னால் கட்டிக்கொண்டு பயணம் செய்தவன், அக்கரை சேர்ந்ததும் அவர்களுக்கு என்ன செய்தான் என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. எங்களுக்கே அந்தக் கேள்வி பொருந்தும் என்பதால்தான் அறையில் குரல் உயர்ந்தது. இறந்தவர்களின் கதைகளைச் சொல்லித்தான் நாங்களும் எல்லைகளைக் கடந்தோம். விசாரணை மேசையில் சொன்ன பெயர்களை அதன்பிறகு எத்தனைமுறை நினைத்தோம்?

இன்னொன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெற்றிஸ்பேர்க் சமர் பற்றி மைக்கேல் ஷாரா எழுதிய நாவலை வாசித்ததிலிருந்தே வீடனுக்கு இந்தக் கதை பிறந்தது. தோற்ற தெற்கின் வீரத்தையும் தனிமையையும் எடுத்துக்கொண்ட அவர், அந்தத் தெற்கு எதைக் காக்கப் போராடியது என்பதை, அதாவது அடிமைமுறையை, கழற்றிவிட்டார். அதனால் மல் கறையில்லாமல் தோற்றவனாக நிற்கிறான். அதேபோல இவ்வுலகில் எல்லோரும் சீனமொழியில் திட்டுகிறார்கள்; ஆனால் கப்பலில் ஒரு சீனர்கூட இல்லை. மொழி வேண்டும், ஆட்கள் வேண்டாம்! தோற்றுவிட்டோம் என்பதாலேயே நாங்கள் செய்தவை எல்லாம் சரியாகிவிடாது. தோற்றவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதையில் எது கழற்றப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் விமர்சனத்தின் வேலை. அது எங்கள் கதையாக இருந்தாலும்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் 'செரினிட்டி'யைப் பார்க்கும்படியே சொல்வோம். முடிந்தால் தொடரை முதலில் பாருங்கள், அந்தச் சாப்பாட்டு மேசைக்காக. படத்தின் இறுதியில் மூன்று பேருக்கு நினைவுக்கல் எழுப்புகிறார்கள். கப்பலைத் திருத்துகிறார்கள். மழைக்குள் மேலெழுகிறார்கள். முகப்பில் கட்டிய ஹேவன் மக்களை அவிழ்த்து இறக்கும் காட்சி மட்டும் படத்தில் இல்லை. இரண்டாம் தடவை பார்த்தபோது நாங்கள் நாலு பேரும் அதைத்தான் தேடினோம்.