14 பாக்கெட், ஒரே வயிறு

நான் வாங்கிய முதுகுப்பையின் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: 30 லிட்டர், 14 பாக்கெட். துணியிலோ தையலிலோ குறை சொல்ல ஒன்றுமில்லை. 900 டெனியர் பாலியஸ்டர். ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்தும் உள்ளே லேப்டாப்புக்கு ஈரம் படவில்லை. ஒய்கேகே ஜிப் ஒற்றைக் கையால் இழுத்தாலும் சிக்காமல் ஓடுகிறது. என் சண்டை அந்த 14 பாக்கெட்டோடுதான்.

லேப்டாப், சார்ஜர், டிபன் பாக்ஸ், குடை எல்லாம் வைத்து ஜிப்பை மூடுங்கள். பிறகு பக்கவாட்டுப் பாக்கெட்டில் ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலைச் செருகிப் பாருங்கள். பாதிக்கு மேல் இறங்காது. அழுத்தினால் உள்ளே டிபன் பாக்ஸ் சாய்ந்து ரசம் கசிகிறது. வெளிப் பாக்கெட் உப்ப வேண்டுமென்றால் ஓரத்தில் இரண்டு விரற்கடை அகலத்துக்குத் துணிப்பட்டை கொடுத்துத் தைக்க வேண்டும். இதில் ஒரு துண்டைத் தட்டையாக வைத்து ஓட்டிவிட்டார்கள். அதனால் பாட்டிலுக்கான இடத்தைப் பை தன் வயிற்றிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறது. முன்பாக்கெட்டும் அப்படியே. பட்டை வைத்தால் துணியும் கூலியும் கூடும். எண்ணிக்கையைக் கூட்டுவது மலிவு.

இதே நிறுவனத்தின் பழைய பையை வருஷக்கணக்காகத் தோளில் போட்டிருந்தேன். இரண்டு அறை, முன்னால் ஒரே ஒரு பாக்கெட். அந்த ஒன்றுக்குப் பட்டை வைத்துத் தைத்திருந்தார்கள். தொழில் தெரிந்தவர்களே புதுப் பையில் பட்டையை விட்டுவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காலிப் பாக்கெட் காலியாகவே இருப்பதும் இல்லை. சில வாரங்களில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, எந்த போனுக்கும் சேராத கேபிள், பெட்ரோல் பங்க் ரசீது, இரண்டாவது பவர் பேங்க் என்று ஒவ்வொன்றாகக் குடியேறிவிடுகின்றன. பவர் பேங்குக்கென்று இவர்கள் ஒதுக்கிய இடமோ ஆக வெளியே இருக்கும் பாக்கெட். கனமான பொருள் முதுகை விட்டுத் தள்ளிப் போகப் போகத் தோளைப் பின்னுக்கு இழுக்கும். அதைச் சமாளிக்க உடம்பு முன்னால் குனியும். பிள்ளைகளின் பள்ளிப்பை அவர்கள் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை சொன்னது. வேலைக்குப் போகிறவர்களின் தோளும் எலும்பும் சதையும்தானே?

மனதார மெச்சுவதற்கும் ஒன்று உண்டு. முதுகோடு ஒட்டும் பக்கத்தில், இடுப்புக்குச் சற்று மேலே ஒரு ரகசியப் பாக்கெட். தாம்பரம் மின்சார ரயிலின் காலைக் கூட்டத்தில் பர்ஸையும் சீசன் டிக்கெட்டையும் அதில் போட்டுவிட்டால் வேறு கை அங்கே நுழைய வழியில்லை. இந்த ஒரு பாக்கெட்டைத் தைத்தவருக்கு என் வணக்கம்.

வாங்குவதாக இருந்தால் வீட்டு பாட்டிலைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். பை எடுப்பாகத் தெரிய உள்ளே தாளைத் திணித்து வைத்திருப்பார்கள். விற்பனையாளர் அதை உருவி எடுக்கும் முன்பே பாட்டிலைச் செருகிப் பாருங்கள்.