மார்க்கர் சொல்வதை நம்பலாமா?

நூலை விமரிசிக்கிறோம், நாடகத்தை விமரிசிக்கிறோம். ஆனால் ஆய்வுக் கருவியை விமரிசிப்பது அரிது. அது காட்டும் எண்ணை அப்படியே செய்முறை ஏட்டில் எழுதிக்கொள்வதே நம் வழக்கம். இங்கே அத்தகைய கருவி ஒன்றின் ஒரேயொரு வசதியை எடுத்துக்கொண்டு, அதன் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

ஒரு மின்சுற்று எந்த அதிர்வெண்ணை எவ்வளவு கடத்துகிறது என்பதைத் திரையில் வரைகோடாகக் காட்டும் கருவிக்கு நெட்வொர்க் அனலைசர் என்று பெயர். கிடை அச்சில் அதிர்வெண். செங்குத்து அச்சில் டெசிபெல். அக்கோட்டின்மீது நகரும் சிறு குறியே மார்க்கர். அதை நிறுத்தும் இடத்தின் அதிர்வெண்ணும் அளவும் எண்ணாகத் திரையில் தோன்றும். கட்டங்களை எண்ணிக் கண்ணால் மதிப்பிடும் தொல்லை இல்லை. ஒரு மார்க்கரை அடிப்படையாக வைத்து மற்றொன்றை நகர்த்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கிடைக்கும். 'உச்சத்தைத் தேடு' என்று ஆணையிட்டால் மார்க்கர் தானே ஓடி உச்சியில் நிற்கும். பல கருவிகள், உச்சியிலிருந்து 3 டெசிபெல் இறங்கும் இரு இடங்களையும் கண்டுபிடித்து, பட்டை அகலத்தையும் கூறிவிடும். இவையெல்லாம் பெரும் உதவிகள் என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் குறை எங்கே? மார்க்கர் மின்சுற்றைப் பார்ப்பதில்லை. திரையிலுள்ள கோட்டை மட்டுமே பார்க்கிறது. அக்கோடோ, குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் அளந்த புள்ளிகளை இணைத்து வரைந்தது. இரு புள்ளிகளுக்கு இடையில் என்ன நிகழ்ந்தது என்பது கருவிக்கே தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மாணவர்களும் வாங்கக்கூடிய விலையில் வந்த நானோ வி.என்.ஏ. என்னும் கையடக்கக் கருவியின் முதல் வகை, 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை 101 புள்ளிகளில் அளக்கிறது. 101 புள்ளிகளுக்கு 100 இடைவெளிகள். ஆகவே ஓர் இடைவெளி ஏறத்தாழ 9 மெகாஹெர்ட்ஸ். எஃப்.எம். வானொலிப் பெட்டிகளில் பயன்படும் 10.7 மெகாஹெர்ட்ஸ் பீங்கான் வடிகட்டி ஒன்றை அதில் இணைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் பட்டை அகலம் 280 கிலோஹெர்ட்ஸ். கருவி 9.05 மெகாஹெர்ட்ஸில் ஒருமுறை அளக்கும், அடுத்து 18.05-இல்தான் அளக்கும். நடுவிலுள்ள உச்சி முழுவதும் தப்பிவிடும்! அப்போதும் உச்சத்தைத் தேடச் சொன்னால் மார்க்கர் மறுக்காது. வேறெங்கோ நின்றுகொண்டு ஓர் எண்ணைச் சொல்லும். அதை நம்பினால் நல்ல வடிகட்டி குப்பைக் கூடைக்குப் போகும்.

பரிகாரம் எளிது. அளவு எல்லையை 10.2 முதல் 11.2 மெகாஹெர்ட்ஸ் வரை சுருக்குங்கள். இப்போது இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ்தான். 280 கிலோஹெர்ட்ஸுக்குள் 28 இடைவெளிகள் அமைகின்றன. மார்க்கரின் சொல்லுக்கு இப்போது மதிப்பு உண்டு. ஆயினும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வகை வடிகட்டி 330 ஓம் சுற்றில் இயங்குவதற்காகச் செய்யப்பட்டது. கருவியோ 50 ஓம். தக்க மின்தடைகளால் பொருத்தாவிட்டால் வளைவின் வடிவமே மாறிவிடும். மாறிய வடிவத்தையும் மார்க்கர் அதே இலக்கங்களுடன் படித்துச் சொல்லும். இலக்கங்கள் மிகுதியாக இருப்பது துல்லியத்துக்குச் சான்றாகாது.

இரு கோடுகளை ஒப்பிடும்போதும் இதே எச்சரிக்கை தேவை. ஒரு மின்தேக்கியை மாற்றுமுன் எடுத்த கோட்டை நினைவகத்தில் வைத்து, மாற்றியபின் எடுத்த கோட்டோடு ஒப்பிடுகிறீர்கள். இரு மார்க்கர்களும் ஒரே அதிர்வெண்ணில் நிற்கின்றனவா? இரு கோடுகளும் ஒரே எல்லையிலும் ஒரே அளவுத்திருத்தத்திலும் எடுக்கப்பட்டனவா? இல்லையெனில் நீங்கள் காணும் வேறுபாடு மின்தேக்கியால் வந்ததா, அமைப்பு மாறியதால் வந்ததா என்று சொல்ல இயலாது.

'மார்க்கரை உச்சியில் வைத்து அளவைக் குறித்துக்கொள்க' என்று மட்டும் கூறும் செய்முறைக் குறிப்பு பாதிப் பாடத்தையே கற்பிக்கிறது. மீதிப் பாதியை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். மார்க்கர் காட்டிய எண்ணின் அருகே தொடக்க அதிர்வெண், முடிவு அதிர்வெண், புள்ளிகளின் எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். பிறகு எல்லையைப் பாதியாகக் குறைத்து மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். எண் குறிப்பிடத்தக்க அளவு மாறினால், முதலில் எழுதியதை அடித்துவிடத் தயங்காதீர்கள்.