பசலை படர்ந்தால் அழகா? நிறச் சொற்களைப் படிக்கும் முறை

ஐந்தாம் படிவ வகுப்பில் குறுந்தொகையின் 27ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிவீதியார் பாடியது. தலைவனைப் பிரிந்த தலைவியின் மாமை நிற அழகைப் பசலை தின்றுவிடுகிறது. கன்றும் குடிக்காமல், கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய பாலைப் போல அவள் அழகு வீணாகிறது.

விளக்கி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், வெளுத்துட்டா நல்லதுதானே? அதுக்கு ஏன் அழறாங்க?”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது நேர்மையான கேள்வி. முகப்பூச்சு விளம்பரம் கற்றுக்கொடுத்த பொருளில் அவள் சங்கப் பாடலைப் படித்திருக்கிறாள்.

மாமை என்பதை மாந்தளிரின் நிறத்தோடு ஒப்பிட்டு விளக்குவார்கள். அதுதான் இங்கே அழகு. பசலை என்பது துயரத்தால் உடலில் படரும் வெளிறல்; அது அழகைக் கெடுப்பது. திருக்குறளில் ‘பசப்புறு பருவரல்’ என்று ஓர் அதிகாரமே (119) இருக்கிறது. பருவரல் என்றால் துன்பம். 503ஆம் குறளில் ‘வெளிறு’ என்ற சொல்லுக்கு அறியாமை என்றே பொருள். ஆக, வெளுத்தால் உயர்வு என்ற கணக்கு இந்தப் பாடல்களில் இல்லை.

தேர்வு எழுதும் மாணவர்களே, இன்னொன்றையும் கவனியுங்கள். பால் இங்கே நிறத்துக்கு உவமை அல்ல. யாருக்கும் பயன்படாமல் போவதற்கு உவமை. “தலைவி பால்போல் வெண்மையானாள்” என்று எழுதினால் பாடலே தலைகீழாகிவிடும்.

ஆசிரியர்களே, இப்போது நம் பக்கம் வருவோம். “பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி” என்று வீட்டில் சாதாரணமாகச் சொல்கிறோம். கறுப்பும் ஒரு நிறம்தானே, அது எப்படிக் கம்மியாகும்? தலைமுடி நரைத்தால் மை பூசிக் கறுப்பாக்குகிறோம். தோல் கறுத்தால் கிரீம் பூசி வெளுக்கப் பார்க்கிறோம். இதே பார்வை கட்டுரையில் இப்படி வரும்: “அவள் கறுப்பாக இருந்தாலும் அழகானவள்.” எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை. நாமும் சரி போட்டுவிடுகிறோம். ஆனால் அந்த ‘இருந்தாலும்’ என்ன செய்கிறது? கறுப்பை ஒரு குறையாக வைத்து, அதை மன்னித்துவிடுகிறது. “சிவப்பாக இருந்தாலும் அழகானவள்” என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

இந்தியாவில் 1975இல் அறிமுகமான ‘ஃபேர் அண்ட் லவ்லி’ முகப்பூச்சு, 2020இல் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது. டப்பாவின் பெயர் மாறிவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் உள்ள வாக்கியத்தை நாம்தான் மாற்ற வேண்டும்.

அடுத்த முறை அந்த வாக்கியம் வந்தால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். ‘இருந்தாலும்’ என்ற சொல்லை வட்டமிட்டு, “ஏன்?” என்று மட்டும் ஓரத்தில் எழுதுங்கள். மாணவர் யோசிப்பார். அந்த மாணவி கேட்ட கேள்வியால் நான் யோசித்ததைப் போல.